நாலு நிமிடம் இருபது வினாடி

“பூசை நல்லாத்தான் துவங்குது தம்பி. வானவர் கீதம் வரேக்குள்ள சாமி கையை விரிச்சபடி அப்பிடியே நிண்டிடுவார். பிறகு பெட்டி இருட்டு.”

நானாட்டான் பக்கம் ஒரு வீட்டில், முழங்கால் வலியால் கோயிலுக்குப் போக முடியாமல் ரிவியில் திருப்பலிப் பூசை பார்க்கும் ஆச்சி ஒருவர் சொன்னது இது. நான் சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தேன். லான் வயரின் இரண்டு நுனியையும் வெட்டிப் புதிதாக அடித்தேன். ரிவிப் பெட்டியைக் கழற்றித் துடைத்துப் பூட்டினேன். படம் வந்தது. “இனிப் பிரச்சினை இல்லை ஆச்சி” என்று சொல்லி, அவர் தந்த தேத்தண்ணியையும் குடித்துவிட்டு முருங்கனுக்குத் திரும்பினேன். வீட்டுப் படலையைத் திறக்க முதல் போன் அடித்தது. சாமி மறுபடியும் நின்றுவிட்டார்.

பழுது என்னவென்று ஆச்சி முதல் வசனத்திலேயே சொல்லியிருந்தார். எனக்குத்தான் அதைக் கேட்கத் தெரியவில்லை.

போர் முடிந்து ஊருக்குத் திரும்பிய காலத்தில் இந்தத் தொழிலுக்கு வந்தவன் நான். நிரந்தர வேலை இல்லை, கொந்தராத்துக்காரரின் ஆள். முதலில் கம்பியில்லாத வீட்டுப் போன்கள், பிறகு செப்புக் கம்பியில் ஏடிஎஸ்எல், பிறகு 4ஜி ரவுட்டர், இப்போது ஃபைபர். முருங்கன் சந்தியில் நின்று எந்தத் திசையில் பார்த்தாலும், நான் ஏறாத கம்பம் குறைவு. எங்கள் கறுப்புக் களிமண்ணில் கம்பம் நிற்பதே ஒரு சங்கதிதான். மாரியில் மண் ஊதும், கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். நேராக நட்ட கம்பம் இரண்டு போகம் கழிய வயலை எட்டிப் பார்க்கும். கம்பி இழுபடும். ஆனால் அந்தப் பழுதுகள் சுலபமானவை. ரோட்டில் போகும்போதே கண்ணுக்குத் தெரியும்.

கண்ணுக்குத் தெரியாத பழுது வீட்டுக்குள் இருக்கிறது. “நெற் வருது, மற்றதுதான் வரேல்லை” என்று சொல்லுவார்கள். மற்றது என்றால் கொம்பனி தரும் மேலதிக சேவைகள்: அதே வயரில் வரும் ரிவி, அதே வயரில் வரும் வீட்டுப் போன், எவ்வளவு டேட்டா முடிந்தது என்று காட்டும் பக்கம். இந்த ஒரு வசனத்தோடு ஒருவர் வந்தால், அவர் ஏற்கெனவே மூன்று பேரிடம் சண்டை போட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். போன் பண்ணினால் அங்கே இருக்கும் பிள்ளை, “உங்கட இணைப்பு நல்லா இருக்கு” என்று சொல்லும். அது பொய்யும் இல்லை.

இதை விளங்கப்படுத்த எனக்குக் கட்டுக்கரைக்குளம்தான் கைகொடுக்கும். எங்கள் பகுதியில் அந்தக் குளத்தைத் தெரியாத பிள்ளை இல்லை. தாதுசேனன் கட்டினான் என்பார்கள். அருவியாற்றுத் தண்ணீரைத் தேக்கம் அணையில் மறித்து இந்தக் குளத்துக்குக் கொண்டுவருகிறார்கள். குளம் ஒன்றுதான், ஆனால் துருசுகள் பல, வாய்க்கால்கள் பல. ஒரு வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது என்பதற்காக மற்ற வாய்க்காலிலும் ஓடுகிறது என்று எந்தக் கமக்காரனும் நினைக்க மாட்டான். வீட்டுக்கு வரும் இணைப்பும் அப்படித்தான். ஏடிஎஸ்எல் காலத்தில் ஒரே செப்புக் கம்பிக்குள் இணையத்துக்கு ஒரு தடம், ரிவிக்கு வேறு தடம் என்று பிரித்திருந்தார்கள். ஃபைபரில் வீலான் என்பார்கள். ஒவ்வொரு பொட்டலத்திலும் ஓர் இலக்கத்தை ஒட்டி அனுப்புவது. இணையத்துக்கு ஓர் இலக்கம், ரிவிக்கு ஒன்று, போனுக்கு ஒன்று. கொம்பனி கொடுத்த ரவுட்டருக்கு அந்த இலக்கங்கள் தெரியும். எந்தத் துளையில் எது வெளியே வர வேண்டும் என்றும் தெரியும். அதனால்தான் அதன் பின்பக்கத்தில் நாலு துளை இருந்தாலும் ரிவிக்கென்று ஒரு துளையை ஒதுக்கி வைப்போம்.

பழுதுகளில் பாதி இந்தத் துளையில்தான். வீடு கூட்டும்போது வயரைக் கழற்றுவார்கள், திருப்பிப் பூட்டும்போது கைக்குக் கிட்டிய துளையில் பூட்டுவார்கள். பச்சை லைற் மினுங்கும். பெட்டிக்கு முகவரியும் கிடைக்கும். ஆனால் கிடைப்பது 192.168 என்று தொடங்கும் வீட்டு முகவரி. நான் வேலை செய்த இடங்களில் ரிவிப் பெட்டிக்கு 10 என்று தொடங்கும் முகவரிதான் வர வேண்டும். பெட்டியின் செற்றிங் பக்கத்தைத் திறந்து அந்த முதல் இலக்கத்தைப் பார்த்தால் போதும், எந்த வாய்க்காலில் நிற்கிறோம் என்று தெரிந்துவிடும். இதற்குப் பத்து வினாடி. இதைப் பார்க்காமல் பெட்டியை மாற்றி, ரவுட்டரை மாற்றி, கடைசியில் ரிவியையே மாற்றிய வீடுகளை நான் கண்டிருக்கிறேன்.

இன்னொரு கால்வாசி, வெளிநாட்டுப் பிள்ளைகள் அனுப்பிய ரவுட்டர். கனடாவிலிருந்து, லண்டனிலிருந்து, ஆறு கொம்பு முளைத்த கறுப்புச் சாமான். “மகன் அனுப்பினவர், இதைப் பூட்டித் தாங்கோ” என்று கொண்டுவந்து வைப்பார்கள். விலை கூடிய சாமான்தான். ஆனால் எங்கள் இலக்கம் அதற்குத் தெரியாது. அதைப் பழைய ரவுட்டரின் இடத்தில் பூட்டினால் இணையம் பறக்கும், ரிவி செத்துவிடும், வீட்டுப் போன் ஊமையாகும். சிலர் பழையதை அப்படியே வைத்து, அதற்குப் பின்னால் புதியதைப் பூட்டுவார்கள். அப்போது ஒரு வீட்டுக்குள் இரண்டு ரவுட்டர் முகவரி பங்கிடும். ஓர் அடுப்படியில் இரண்டு மாமியார். நான் செய்வது ஒன்றுதான்: கொம்பனி ரவுட்டரை முதலாவதாக வைத்து, மகனின் ரவுட்டரில் முகவரி கொடுக்கும் வேலையை நிறுத்தி, அதை வெறும் வைஃபை கொடுக்கும் பெட்டியாக மாற்றிவிடுவேன். கொம்புகள் மேலே நிற்கும், மகனுக்கும் மனம் நோகாது. வீடியோவில் மகன் பார்க்கும்போது அந்த ஆறு கொம்பும் தெரிய வேண்டும் என்று அதை அலுமாரிக்கு மேல் வைக்கச் சொன்ன அம்மாவும் உண்டு.

டிஎன்எஸ் விவகாரமும் இதே இனம். கூகிள் 2009 டிசெம்பரில் 8.8.8.8 என்ற முகவரியில் தளத்தின் பெயருக்கு முகவரி தேடித் தரும் தன் சேவையை எல்லாருக்கும் திறந்துவிட்டது. அதைப் போட்டால் நெற் வேகமாகும் என்று யாரோ சொல்ல, பெடியங்கள் எல்லா வீட்டு ரவுட்டரிலும் அதைப் போட்டார்கள். பெரும்பாலும் குற்றமில்லை. ஆனால் கொம்பனிகள் தங்கள் ரிவிச் சேவைக்கும் கணக்குப் பக்கத்துக்கும் வைத்திருக்கும் சில பெயர்கள் தங்கள் வலைக்குள் மட்டும் தெரிந்த பெயர்கள். முருங்கன் தபால்காரரிடம் “வேப்பமரத்தடி மணியம் வீடு” என்றால் சைக்கிளைத் திருப்பிக் கொண்டுபோய் விடுவார். கொழும்புத் தலைமைத் தபாலகத்தில் போய்க் கேட்டால் அப்படி ஒரு முகவரி இல்லை என்றுதான் சொல்வார்கள். எல்லா இணையத்தளமும் திறக்கிறது, கொம்பனியின் சொந்தப் பக்கம் மட்டும் திறக்கவில்லை என்றால் நான் முதலில் பார்ப்பது அந்த எட்டுகளைத்தான்.

இவையெல்லாம் “வரவே இல்லை” என்ற வகைப் பழுதுகள். வருவதே இல்லை என்றால் வழி எங்கோ அடைபட்டிருக்கிறது, தேடினால் கிடைக்கும். “வந்து நிக்குது” என்ற வகைதான் ஆளைத் தின்னும். அதை நான் கற்றது ஒரு போனில்.

முருங்கன் சந்திக்குக் கிட்ட ஒரு ரீச்சர் வீடு. ஓய்வுபெற்றவர், கணிதம் படிப்பித்தவர். அவருடைய மகள் கனடாவில். வீட்டுப் போனுக்கு மகள் எடுப்பாள், மணி அடிக்கும், தூக்கினால் சுகம் விசாரிப்பதோடு லைன் விழுந்துவிடும். நான் இரண்டு தரம் போய் போனை மாற்றினேன், வயரை மாற்றினேன். மூன்றாம் தரம் போனபோது ரீச்சர் ஒரு கொப்பியை நீட்டினார். ஒவ்வொரு அழைப்பையும் மணிக்கூடு வைத்து எழுதியிருந்தார்: 32, 32, 31, 32, 32.

“தம்பி, பழுது எண்டா முன்னப்பின்ன இருக்க வேணும். இது ஆரோ எண்ணிப்போட்டு வெட்டுறமாதிரிக் கிடக்கு.”

அன்று இரவு கொழும்பில் இருக்கும் ஒரு பழைய நண்பனுக்கு எடுத்துக் கேட்டேன். அவன் முப்பத்திரண்டு என்று காதில் விழுந்த உடனேயே சிரித்தான். இணையத்தின் வழியே வரும் போன் அழைப்புகளை ஆளுவது சிப் என்ற ஒரு நடைமுறை. 2002இல் எழுதிய அதன் விதிகளில் அரை வினாடி என்று ஓர் அடிப்படை அளவு இருக்கிறது. நீங்கள் போனைத் தூக்கியதும் “தூக்கிவிட்டார்” என்ற செய்தி அந்தப் பக்கம் போகும். “சரி, அறிந்தேன்” என்று பதில் வர வேண்டும். பதில் வராவிட்டால் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்க்கும். அரை வினாடியின் 64 மடங்கு, அதாவது 32 வினாடி, காத்திருந்துவிட்டு அழைப்பை வெட்டிவிடும். குரல் இரண்டு பக்கமும் நன்றாகவே கேட்டிருக்கும். அது வேறு வழியால் போவது. அந்த ஒரு சின்னப் பதில் மட்டும் ரவுட்டரில் தொலைந்துவிடுகிறது. காரணம், சிப் ஏஎல்ஜி என்று ரவுட்டருக்குள் இருக்கும் ஒரு வசதி. போன் செய்திகளுக்குள் இருக்கும் முகவரிகளைத் தானே திருத்தி உதவி செய்வதற்கென்று வைத்தது. கேட்காமல் உதவி செய்யும் சொந்தக்காரன் மாதிரி, பாதிக் கடிதத்தைத் திருத்தி மீதியைக் கிழித்துவிடும். அதை நிறுத்தினேன். ரீச்சரும் மகளும் அன்று ஒன்றேகால் மணித்தியாலம் கதைத்தார்கள். அதையும் கொப்பியில் எழுதி வைத்திருந்தார்.

எனக்கு அது ஒரு பள்ளிக்கூடம். அதுவரை நான் “என்ன பழுது?” என்று கேட்டுக்கொண்டு திரிந்தேன். அன்றிலிருந்து “எவ்வளவு நேரத்தில்?” என்று கேட்கத் தொடங்கினேன். மின்னல் அடித்தால், எலி கடித்தால், முனை துருப்பிடித்தால் நேரம் ஒழுங்கில்லாமல் இருக்கும். ஒரே அளவாக நிற்கிறது என்றால் யாரோ எழுதிவைத்த விதி ஒன்று வேலை செய்கிறது, எதிர்ப்பக்கத்திலிருந்து வர வேண்டிய பதில் வரவில்லை. நாளின் ஒரே வேளையில் நிற்கிறது என்றால் வீட்டுக்குள் பார்க்காமல் அயலைப் பார்க்க வேண்டும்.

அயலைப் பார்த்த கதை ஒன்று. ஏடிஎஸ்எல் இருந்த காலம், ஒரு வீட்டில் காலை ஒன்பதரைக்குப் பிறகு லைன் விழுந்து விழுந்து எழும்பும், ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு குறையும் இல்லை. ஞாயிறு என்றதும் எனக்குப் பொறி தட்டியது. இரண்டு வீடு தள்ளி ஒட்டுவேலைக் கடை. வெல்டிங் பொறி பறக்கும்போதெல்லாம் அந்த இரைச்சல் செப்புக் கம்பியில் ஏறிவிடுகிறது. கடைக்காரர் மீது பிழை சொல்ல ஏலாது, அவர் தன் தொழிலைச் செய்கிறார். கம்பியை வேறு பக்கத்தால் இழுத்தோம். பிறகு 2020இல் வேல்ஸ் நாட்டு அபர்ஹோசன் என்ற கிராமத்துச் செய்தியைப் படித்தபோது வாய்விட்டுச் சிரித்தேன். அங்கே 18 மாதமாக ஒவ்வொரு நாளும் காலை ஏழு மணிக்கு ஊர் முழுவதற்கும் இணையம் படுத்துவிடுமாம். கேபிளையே மாற்றிப் பார்த்தும் சரிவரவில்லை. கடைசியில் அந்தக் கம்பிகளைப் பார்க்கும் ஓப்பன்ரீச் கொம்பனியின் ஆட்கள் கருவியைத் தூக்கிக்கொண்டு விடிய முதல் ஊரைச் சுற்றியபோது, ஒரு வீட்டில் ஏழு மணிக்குப் போடும் பழைய ரிவி ஒன்று இரைச்சலைக் கக்குவது தெரிந்தது. எங்கள் ஊரில் 18 மாதம் பொறுத்திருக்க மாட்டார்கள். ஆனால் தேடிய முறை அதேதான்.

ரிவி என்றால் எனக்கு வேறு ஒன்றும் நினைவு வரும். சின்ன வயதில் எங்கள் பக்கத்தில் ரிவி என்றால் இந்தியா. தூரதர்சன். நீட்டு மூங்கிலில் அன்ரனாவைக் கட்டி, ராமேஸ்வரம் பக்கம் திருப்புவோம். அங்கே 323 மீற்றர் உயரத்துக்குக் கோபுரம் கட்டிய பிறகு படம் இன்னும் தெளிவு. கார் பற்றறியில் ஓடும் கறுப்பு வெள்ளைப் பெட்டி. ஒருவர் மேலே நின்று திருப்ப, ஒருவர் வாசலில் நிற்க, ஒருவர் உள்ளே பெட்டிக்கு முன்னால். “இப்ப?” “இல்லை.” “இப்ப?” “கொஞ்சம்.” “இப்ப?” “ஆ, ஆ, விடு, விடு!” மேலே நிற்பவன் கையை விட்டதும் படம் போய்விடும். நான் எப்போதும் வாசலில் நின்றவன், இரண்டு பக்கத்துக்கும் செய்தி கடத்துபவன். ரவுட்டர் செய்வதும் அதே வேலைதான். உள்ளே இருப்பவன் சொன்னதை மேலே சொல்ல வேண்டும், மேலே இருப்பவன் கேட்டதை உள்ளே சொல்ல வேண்டும். நடுவில் நிற்பவன் ஒரு பக்கச் செய்தியை விழுங்கிவிட்டால் அன்றைக்குப் படம் இல்லை.

ஆச்சி வீட்டு ரவுட்டர் விழுங்கியது அதைத்தான்.

ரீச்சரின் கொப்பிக்குப் பிறகுதான் எனக்கு ஆச்சியின் வானவர் கீதம் உறைத்தது. பூசை தொடங்கி அந்தப் பாட்டு வர எவ்வளவு நேரம் ஆகும்? மறுநாள் விடியவே போய், பெட்டிக்கு முன்னால் கடிகாரத்தோடு இருந்தேன். சனலைப் போட்டதும் எண்ணத் தொடங்கினேன். நாலு நிமிடம் இருபது வினாடியில் படம் உறைந்தது. சனலை மாற்றித் திரும்ப வந்தேன், படம் வந்தது. மறுபடி நாலு நிமிடம் இருபது. மூன்றாம் தரம் ஓரிரு வினாடி கூட. அதாவது 260 வினாடி.

கம்பி வழியே வரும் நேரடி ரிவியை ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாக அனுப்பினால் எந்தக் கம்பியும் தாங்காது. அதனால் ஒரு சனலை ஒரேயொரு தரம் வாய்க்காலில் விடுவார்கள். வேண்டியவர் வரம்பை வெட்டி வயலுக்குள் விட்டுக்கொள்ளலாம். வரம்பை வெட்டுவது என்றால், பெட்டி “எனக்கு இந்தச் சனல் வேண்டும்” என்று மேலே ஒரு செய்தி அனுப்புவது. இதற்கு ஐஜிஎம்பி என்று பெயர். ஒருவர் பார்த்துவிட்டுப் பெட்டியை நிறுத்தாமல் கரண்டை நிறுத்திப் போய்விட்டால்? தண்ணீர் வீணாக ஓடும். அதனால் மேலே இருந்து 125 வினாடிக்கு ஒருமுறை “இன்னும் ஆராவது பார்க்கிறீர்களா?” என்று ஒரு கேள்வி வரும். பெட்டி “ஓம்” என்று சொல்ல வேண்டும். இரண்டு கேள்விக்கான நேரம் கடந்து, இன்னும் பத்து வினாடி பொறுத்துப் பார்த்தும் ஒரு பதிலும் இல்லை என்றால் வரம்பைக் கட்டிவிடுவார்கள். 125, 125, 10. கூட்டினால் 260.

ஆச்சியின் பேரன் மன்னார் ரவுணில் ஒரு புது ரவுட்டர் வாங்கி, கெட்டித்தனமாக ரிவியின் இலக்கத்தையும் தேடிப் போட்டிருந்தான். முகவரியும் சரியாக 10இல்தான் தொடங்கியது. அதனால்தான் நான் முதல் நாள் ஏமாந்தேன். அவன் பாதுகாப்புக்கென்று வெளியிலிருந்து வரும் கேட்காத செய்திகளையெல்லாம் மறிக்கும்படி வைத்திருந்தான். அந்தக் கேள்வியும் கேட்காமல் வரும் செய்திதானே. வாசலில் நின்ற ரவுட்டர் அதை உள்ளே விடவில்லை. சனலை மாற்றும்போது பெட்டி தானாகவே ஒரு செய்தி அனுப்பும், அதனால் கணக்குத் திரும்பவும் பூச்சியத்திலிருந்து தொடங்கும். செற்றிங்கில் ஒரு வரி மாற்றினேன். பூசை முடியும் வரை இருந்தேன். சாமி கையை விரித்தார், மடித்தார், ஆசீர்வாதமும் கொடுத்தார்.

சொல்ல மறந்த ஒன்று: ரிவிப் பெட்டியை வைஃபையில் பூட்டித் தரச் சொல்லி வருபவர்களுக்கு நான் மறுத்துவிடுவேன். இப்படி எல்லாருக்கும் பொதுவாக விடும் படத்தைப் பல ரவுட்டர்கள் வைஃபையில் மிகக் குறைந்த வேகத்தில்தான் அனுப்பும். தூரத்தில் இருக்கும் போனுக்கும் கேட்க வேண்டும் என்பதற்காகச் சத்தமாக, மெதுவாகப் பேசுவது போல. சில பெட்டிகளில் அது வினாடிக்கு ஒரு மெகாபிட். படத்துக்கு வேண்டியதோ ஐந்தாறு. படமும் வராது, வீட்டில் மற்றவருடைய வைஃபையும் மூச்சுத் திணறும். கொரோனாக் காலத்தில் மண்டபத்தில் அப்பா செய்தி பார்க்க, அறைக்குள் மகளின் சூம் வகுப்பு அறுந்த வீடு ஒன்றுக்கு நான் இருபது மீற்றர் லான் வயர் இழுத்தேன். அழகில்லை என்று அம்மா கோபித்தார். வயரின் மேல் இப்போது பூச்சரம் தொங்குகிறது.

மாதம் ஒன்று கழித்து நானாட்டான் பக்கம் வேறு வேலையாகப் போனபோது ஆச்சி வீட்டுக்கும் எட்டிப் பார்த்தேன். பூசை ஓடிக்கொண்டிருந்தது. சாமி மன்னிப்பு வேண்டல் முடித்துக் கையை விரிக்கப் போகும் நேரம், ஆச்சி றிமோட்டை எடுத்து அடுத்த சனலுக்கு மாற்றினார். ஏதோ சமையல் நிகழ்ச்சி. உடனே திருப்பி மாற்றினார்.

“ஏன் ஆச்சி, இப்பவும் நிக்குதோ?”

“இல்லை தம்பி, நீ வந்து போனதுக்குப் பிறகு நிக்கேல்லை.”

“பிறகேன் மாத்துறியள்?”

அவர் றிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“அந்த மனிசி என்ன கறி காய்ச்சுதெண்டு ஒருக்காப் பாக்கிறது.”